அடைக்கலம் புகுந்த பிராணி

தர்மபுத்திரர் சுவர்க்கத்தின் வாயிலில் நின்று, தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு இந்திரனுடைய ரதத்தில் ஏற மறுத்த வரலாற்றை மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில் படிக்கும் நம்மவர், அதனை ஜீவகாருண்யத்துக்கு ஓர் உதாரணமாக எடுத்துச் சொல்லுவது வழக்கம். ஆயினும் அவர் கூறிய நியாயத்தைக் கூர்ந்து நோக்கினால், நாயும் மனிதனும் சமம் என்ற வாதத்தை அங்கே காண முடியாது. தம்மை நம்பி வந்த ஒன்றைத் தம் சுகத்துக்காகத் துறப்பது மகாபாதகம் என்பதே அவர் கொண்ட நிலை. கீதையின் ஐந்தாம் அத்தியாயம் வேறொரு படியில் நின்று, அந்தணன், பசு, யானை, நாய், நாயைத் தின்பவன் ஆகிய எல்லோரிடத்தும் ஞானி ஒன்றையே காண்கிறான் என்று பேசுகிறது. பின்னது ஞானியின் தரிசனம்; முன்னது இல்லறத்தானும் செய்தே தீர வேண்டிய கடமை. பூங்காக்களில் நாய்களுக்கு இடம் உண்டா என்று தாம்பரத்தில் இன்று நடக்கும் விவாதத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழம்பிப் போகின்றன என்பதே என் கருத்து.

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் 2021-ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. ஏரியும் வயலும் பனங்காடுமாகக் கிடந்த பூமி மனைகளாகப் பிரிந்துபோன பிறகு, எல்லோருக்கும் உரிய வெளியென்று மிஞ்சியிருப்பவை நகர்ப் பூங்காக்களும் ஏரிக்கரை நடைபாதைகளுமே. வயலிலும் தரிசிலும் திரிந்த நாய்கள் எங்கே போகும்? சிட்லபாக்கம் ஏரிக்கரையில் விடியற்காலையில் நடப்பவர்கள் பார்த்திருப்பார்கள்: கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதோரத்தில் சிறு முக்கோணம் வெட்டப்பட்ட ஒரு செவலை நாய், பெரியவர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போடும் பிஸ்கட்டுக்காக வாலை ஆட்டியபடி காத்திருக்கும்; அதே நடைபாதையில், பேத்தியைக் கைப்பிடித்து வரும் ஒரு பாட்டி அதனைக் கண்டதும் குழந்தையை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்குவாள்.

அந்தப் பாட்டியின் அச்சத்தைக் கருணையற்ற குணம் என்று நான் எண்ணவில்லை. வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதை அறிந்த எவரும் அவளைக் குறை கூறார். அபயதானமே தானங்களுள் தலையாயது என்றால், அந்த அபயம் குழந்தைக்கும் உரியது. ஆனால் அச்சத்துக்குப் பரிகாரம் கொலை என்று முடிவு கட்டியவர்களுக்குச் சென்னையின் அனுபவமே விடை கூறியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த சென்னை மாநகராட்சி, அத்தனை காலம் கொன்றும் நாய்கள் ஒழியாமையைக் கண்டு, 1959-இல் தோன்றிய புளூ கிராஸ் சங்கத்தார் நெடுங்காலம் மன்றாடிவந்த கருத்தடை முறையை 1996-இல் ஏற்றுக்கொண்டது. ஒரு தெருவின் நாய்களைக் கொன்றால், குப்பையும் எச்சிலும் அங்கே இருக்கும் வரையில் அடுத்த தெருவின் நாய்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. அந்தக் குப்பையை நாம் போட்டிருக்கிறோம். காட்டு விலங்காய் இருந்ததை வாசலுக்கு அழைத்து வந்தவர்களும் நம் முன்னோரே. ஆகையால் அது வழிதவறி வந்த அந்நியப் பிராணி அன்று, அடைக்கலம் புகுந்தது. தர்மபுத்திரருடைய நியாயம் இங்கே அப்படியே பொருந்தும்.

தாம்பரத்திலேயே உள்ள மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் ஆலயத்தின் தலபுராணம் கபில முனிவர் பசுவாய்ப் பிறந்து லிங்கத்தின்மேல் பால் சொரிந்து வழிபட்டதைச் சொல்லுகிறது. பசுவிடம் தெய்வத்தன்மையைக் காண நமக்குச் சிரமமில்லை. சிவாலயங்களில் பைரவர் சந்நிதியில் நாயும் உடன் நிற்கக் கண்டு கும்பிடுகிறோம். வெளியே வந்ததும் கல்லைத் தேடுகிறோம். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

எனினும் உணவிடுவோருக்கும் ஒரு சொல் உண்டு. கிருகஸ்தன் நாள்தோறும் செய்ய வேண்டிய பஞ்சமகாயக்ஞங்களுள் பூதயக்ஞமும் ஒன்று. நாய்க்கும் காக்கைக்கும் புழுவுக்கும் அதில் பங்கு வைத்தார்கள். அந்தப் பங்கை அவரவர் தம் வீட்டளவில் தம் பொறுப்பிலேயே வைத்தார்கள். பிறர் நடக்கும் வழியில் எறிந்துவிட்டுப் போகவில்லை. வள்ளுவரும் பகுத்துண்பதன் சிறப்பைக் கொல்லாமை அதிகாரத்திலே வைத்துப் பேசினார். உண்ணக் கொடுத்தவன் அவ்வுயிரைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கிறான் என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன். ஊசி போடாமலும் கருத்தடை செய்விக்காமலும் சோறு மட்டும் இடுவது பாதிப் புண்ணியந்தான்.

ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் 2018-இல் மாநகராட்சியே நாய்ப் பூங்கா ஒன்றைத் திறந்தது. அத்தகையது தாம்பரத்துக்கும் வரட்டும். ஆனால் அது எஜமானருள்ள நாய்களின் குறையைத் தீர்க்குமேயன்றி, ஒருவருக்கும் உரிமையில்லாத நாயின் குறையைத் தீர்க்காது. குழந்தைகள் விளையாடும் இடத்தினுள் நாயை விடாதிருப்பதில் சமதரிசனத்துக்கு யாதொரு பங்கமும் இல்லை, அதற்கென்று வேறோர் இடம் இருக்குமாயின். அந்த இடத்தைக் குறித்துக் கொடுக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் நலச்சங்கத்தின்மீதும் உள்ளாட்சியின்மீதும் 2023-ஆம் ஆண்டின் பிராணிகள் கருத்தடை விதிகளே சுமத்தியிருக்கின்றன. விளையாட்டிடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றுக்கு அப்பால், குறித்த நேரத்தில் உணவிட வேண்டும் என்பது அவ்விதி. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் தெருவில் கண்டபடி உணவிடலாகாது, வார்டுதோறும் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. தாம்பரத்தின் 70 வார்டுகளிலும் பூங்காச் சுவருக்கு வெளியே ஒரு மூலையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் போதும். மாலையில் அங்கே கூடும் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் எளிதாகும்.