சத்துணவில் முட்டையும் சிராவகர் கடமையும்

பள்ளிச் சத்துணவில் முட்டை வழங்குவதைச் சமணர்களாகிய நாம் எதிர்க்க வேண்டுமா என்னும் வினா நம் இல்லங்களிலும் ஆலய முன்றில்களிலும் அவ்வப்போது எழுகின்றது. எதிர்ப்பதே கொல்லாமை அறம் என்பார் ஒரு சாரார். அரசின் செயலில் நமக்கென்ன என்று ஒதுங்குவார் மற்றொரு சாரார். இருவரும் வினாவைத் தொட்டனரேயன்றி அதனுள் புகவில்லை என்பது நம் கருத்து.

பள்ளியில் உணவளிக்கும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் இதனைத் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு ஊர்ப்புறங்களுக்குப் பரவியது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. இவை எவற்றிலும் நமக்குச் சிக்கல் இருந்ததில்லை; ஆகார தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றும் மரபினர் நாம். சிக்கல் 1989-இல் பிறந்தது. அவ்வாண்டு இரு வாரங்களுக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, 2010 முதல் வாரத்தின் ஐந்து பள்ளி நாட்களிலும் ஒன்று என்றாயிற்று. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியனவே உள்ளன. அதுபற்றி இங்குப் பேச்சில்லை.

அந்த 1989-இல் நாம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தோம். முட்டை நாளில் வருகைப் பதிவேடு நிறைந்துவிடும். களை பறிக்கப் போகும் பிள்ளைகூட அன்று வந்துவிடும். சில சிறுமியர் தமக்குக் கிடைத்ததை உண்ணாமல் பாவாடை முனையில் பொதிந்து, வீட்டிலிருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ எடுத்துச் செல்வர். இக்காட்சியை ஆண்டுக்கணக்கில் கண்ட கண்களுக்கு, இந்த வினா ஏட்டு வினாவாகத் தோன்றுவதில்லை.

எதிர்ப்போரின் வாதம் எளியதன்று. அணுவிரதம் ஏற்ற சிராவகர், தாம் கொல்லாதிருத்தலோடு, பிறரைக் கொண்டு செய்வித்தலும் செய்வதற்கு உடன்படுதலும் கூடாது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் கூடாது. நம் வரிப்பணத்தில் வாங்கப்படும் முட்டைக்கு நாம் வாய் மூடியிருத்தல் உடன்பாடு அன்றோ என்று வினவுகின்றனர். ஆனால் தடுக்காதிருத்தல் எல்லாம் உடன்படுதல் ஆகுமாயின், மீன் சந்தை வழியே நடந்து செல்லும் சிராவகர் ஒவ்வொருவரும் விரதபங்கம் எய்தியவராவர். விரதம் என்பது ஒருவர் தாமே அறிந்து ஏற்பது. ஏழு வயதுப் பிள்ளையின் தட்டிலிருந்து நாம் எடுத்து அப்புறப்படுத்துவது அப்பிள்ளை ஏற்ற விரதம் ஆகாது. நம் விரதமும் அதனால் வளராது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. தத்துவார்த்த சூத்திரம் அஹிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகின்றது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். ஐந்தாவதை நாம் பலகாலும் படித்துக் கடந்துவிடுகின்றோம். அது தம் பொறுப்பிலுள்ள கால்நடையையும் ஏவலரையும் கருதிச் சொல்லப்பட்டது என்பர். ஆகட்டும். ஊர்ப்பிள்ளைகளின் உணவுப் பட்டியலைத் திருத்தும் செல்வாக்கு நமக்கு உண்டெனில், அந்த அளவுக்கு அப்பிள்ளைகளும் நம் பொறுப்பில் உள்ளவரே அல்லரோ? 2015-இல் மத்தியப் பிரதேசத்துப் பழங்குடி மாவட்டங்களில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் முன்மொழிவை அம்மாநில அரசு ஏற்க மறுத்தது. எதிர்த்தோருள் நம் சமயத்தாரும் இருந்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அச்செய்தியில் நாம் பெருமை கொள்ளவில்லை.

இதனால் முட்டை குற்றமற்ற உணவு என்று நாம் சொல்வதாகக் கொள்ளற்க. கருவுறாத முட்டையில் உயிரில்லை, ஆகவே தோஷமில்லை என்று நம்மவர் சிலரே கூறக் கேட்டிருக்கின்றோம். கடையில் விற்கும் முட்டை பெரும்பாலும் கருவுறாததே. ஆயினும் அது வருமிடத்தை நோக்க வேண்டும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் இறக்கை விரிக்க இடமில்லாத கம்பிக் கூண்டில் கோழி தன் வாழ்நாளைக் கழிக்கின்றது. முட்டையிடாது என்பதற்காக ஆண் குஞ்சுகள் பொரிப்பகத்திலேயே அழிக்கப்படுகின்றன. ஹிம்சை அங்குள்ளது. (கறவை மாட்டின் ஆண் கன்று என்னவாகிறது என்றும் அதே மூச்சில் கேட்க வேண்டும், பால் குடிக்கும் நாம் அதைக் கேட்பதில்லை.)

ஆகவே முட்டையை நிறுத்துக என்று கோருவதற்கு முன், அதற்கு ஈடானதைத் தருக என்று கோருவதே சிராவகருக்குத் தக்கது. இப்போது முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரும் ஏற்பாடு உள்ளது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். ஒரு வாழைப்பழத்தில் 1 கிராம் அளவே. இதனை மாற்று என்பது கணக்கறியாதார் கூற்று. சைவப் பிள்ளைக்கும் இது அநீதியே. வாரம் ஒருநாள் தரும் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ 20 கிராம். அதில் 4 கிராம் புரதம் சேரும். வேர்க்கடலை 25 கிராம் கொடுத்தால் முட்டைக்கு ஈடாகும். பி12 என்னும் சத்து மட்டும் பயறுகளில் இல்லை. அதற்குப் பால் வேண்டும்.

சுண்டலை நாள்தோறும் தருமாறு நம் சங்கங்கள் அரசுக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் என்ற முறையில் இடம்பெற்றுள்ள நம்மவர் அங்கும் இதனை எழுப்பலாம். அரசு இசையும் வரை, விழா நாட்களின் அன்னதானச் செலவில் ஒரு பங்கை ஊர்ப்பள்ளியின் வேர்க்கடலை உருண்டைக்கு, தலைமையாசிரியரின் இசைவுடன், ஒதுக்கலாம். அதனை முட்டை உண்பவர், உண்ணாதவர் என்று பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பந்தியில் வைக்கச் சொல்ல வேண்டும். உண்ணாதாரைத் தனி வரிசையில் அமர்த்தினால் அது சாதி வரிசையாக மாறுவதற்கு ஒரு பருவம்கூட ஆகாது என்பதை வகுப்பறையில் நின்றவர் எவரும் அறிவர்.