முதுமைக்கு மருந்து

முதுமை ஒரு நோயா? நாட்டுப்புற அரபிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட செய்தி நம்மவர்க்குத் தெரிந்ததே. செய்துகொள்ளச் சொன்ன பெருமானார், ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருப்பதாகக் கூறினார்கள். அந்த ஒன்று முதுமை. அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ள இந்த ஹதீஸில், மருந்து இல்லை என்பதை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம். முதுமையும் நோய்களின் வரிசையில் வைத்தே பேசப்படுகிறது என்பதை யோசித்தவர் குறைவு.

உலக சுகாதார நிறுவனமும் இந்த இடத்தில் தடுமாறியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது நோய் வகைப்பாட்டில் 'முதுமை' என்றே ஒரு தலைப்பிட எண்ணியிருந்தார்கள். முதியோர் நலனில் உழைப்போர் எதிர்த்தார்கள். வயதானவரின் உண்மையான நோயைத் தேடாமல் 'வயதாகிவிட்டது' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. கடைசியில், முதுமையோடு சேர்ந்து வரும் உள்ளாற்றல் குறைவு என்று சொல்லை மாற்றினார்கள். பயம் வீணானதல்ல. முழங்கால் வலியோடு மருந்தெடுக்கப் போய், "வயசுதானே" என்ற பதிலோடு திரும்பியவர்கள் நமது தோட்டங்களில் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள்.

முதுமையின் உயிரியலை ஆராய்வோருக்குக் கோர்டன் ஆய்வு மாநாடு என்றொன்று உண்டு. அதற்கு முந்திய வார இறுதியில் ஆராய்ச்சி மாணவர்களும் இளம் விஞ்ஞானிகளும் தாமே ஏற்பாடு செய்யும் கருத்தரங்கும் கூடுவதுண்டு. இன்னும் வெளிவராத முடிவுகளை அங்கே மனம்விட்டுப் பேசலாம். படம் பிடிக்கக் கூடாது, வெளியே எடுத்துச் சொல்லவும் கூடாது. ஒரு நரைமுடியும் இல்லாதவர்கள் கூடி முதுமையைப் பற்றி வாதாடுவதில் வேடிக்கை இருந்தாலும், ஏற்பாடு நல்லது. மூத்தவர் முன்னிலையில் கேட்கத் தயங்கும் கேள்வியை அங்கே கேட்கலாமல்லவா?

அவர்கள் கையில் சரக்கு நிறையவே இருக்கிறது. 1993இல் சிந்தியா கென்யன் ஒரு சிறு புழுவின் ஒரேயொரு மரபணு மாறினால் அதன் ஆயுள் இரட்டிப்பதைக் காட்டினார். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த ரபமைசின், வயதான பின் கொடுத்தபோதும் சுண்டெலிகளின் ஆயுளை நீட்டியதென 2009இல் அறிவித்தார்கள். என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. 2013இல் ஸ்டீவ் ஹோர்வத் என்பவர், டி.என்.ஏ.யில் ஒட்டியிருக்கும் 353 இடத்துக் குறிகளைக் கொண்டு வயதைக் கணிக்கும் ஒரு கடிகாரத்தை அமைத்தார். நாட்காட்டி ஒரு வயதைச் சொல்ல, உடம்பு இன்னொரு வயதைச் சொல்லலாம் என்ற பேச்சு அதிலிருந்து வலுத்தது.

பதுளையில் இருப்பவனுக்கு இது புதுமையா? விடியலில் பெரட்டுக்குப் போய், இடுப்பில் படங்கைக் கட்டி, தலையில் கயிறு மாட்டிய கூடையோடு நமுனுகுலைச் சரிவில் மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்க நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். பெண்கள் 50 வயதில் வேலையை விட்டுச் சேமலாப நிதியை எடுக்கலாம். மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. ஆகவே மறுபடியும் அதே மலைக்கு, கைக்காசுக்கு. பஸாரில் எல்லாரும் பாட்டி என்று கூப்பிடும் ஒருவர், அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்க எங்கள் கடையில் தந்தார். பிறந்த ஆண்டைப் பார்த்தேன். என்னைவிட மூன்று வயது இளையவர்.

"என்ன நானா, அப்புடிப் பாக்குறீங்க?" என்று பல்லில்லாத வாயால் சிரித்தார்.

ஹயாத்து எழுதப்பட்டது, இதில் பேச என்ன இருக்கிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். சிரியாவில் கொள்ளைநோய் என்று கேட்டுப் பாதிவழியில் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடமும் இதைத்தான் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். தவணை அவனுடையது. கூடையின் நிறையையும் நாட்கூலியையும் தீர்மானித்தவர்கள் மனிதர்கள்.

இப்னு சீனா இதைத் தெளிவாகவே பிரித்தார். மரணத்தைத் தடுப்பதும் ஆயுளை எல்லை கடந்து நீட்டுவதும் மருத்துவத்தின் வேலையல்ல. உடலின் ஈரம் காலத்துக்கு முன் வற்றிவிடாமல் காத்து, அவரவர் இயல்புக்கு உரிய தவணை வரை கொண்டுசேர்ப்பதே அதன் வேலை என்பது அல்கானூனில் அவர் கொண்ட நிலை. ஹதீஸ் மருந்தில்லை என்றது முதுமைக்கு. ஐம்பதில் எழுபதாகிப்போவதற்கு மருந்தில்லை என்று எங்கும் சொல்லப்படவில்லை. அதற்கான மருந்து புழுவிடமோ எலியிடமோ தேட வேண்டியதுமல்ல.

அந்த இளைஞர்களின் கருத்தரங்கில் எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால், எண்பதை நூற்றிருபது ஆக்குவது பற்றிக் கேட்கமாட்டேன். ஒரே ஆண்டில் பிறந்த இருவரின் இரத்தத்தை எடுக்கச் சொல்வேன்: ஒருவர் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், மற்றவர் என்னைப்போல் கடையில் கதிரை போட்டு உட்கார்ந்தவர். கடிகாரம் இருவருக்கும் இடையே எத்தனை ஆண்டு வித்தியாசம் காட்டுகிறதோ, அதை யாருடைய கணக்கில் பற்று எழுதுவது?