இந்த ஒரு தடவை மட்டும்...

உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் ஜெயிலுக்குப் போகமாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கோபப்படாதீர்கள். இதைக் கேட்டவர் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன். கேட்டது, எம்.பி.ஏ. முடித்துவிட்டு பெரிய சம்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தன் மாணவர்களிடம். அதுவும் வகுப்பின் கடைசி நாளில்!

காரணம் இருந்தது. 1979-ல் அவரோடு எம்.பி.ஏ. முடித்தவர் ஜெஃப் ஸ்கில்லிங். என்ரான் கம்பெனியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். 2001-ல் என்ரான் திவால். 2006-ல் ஸ்கில்லிங்குக்கு 24 வருட சிறைத் தண்டனை (பிறகு 14 வருடமாகக் குறைந்தது). ‘எனக்குத் தெரிந்த ஸ்கில்லிங் நல்ல மனிதர்’ என்பார் கிறிஸ்டென்சன். அதே பள்ளி, அதே பாடம். அப்புறம் எங்கே பாதை பிரிந்தது?

கிறிஸ்டென்சன் சட்டென்று விடை சொல்கிற வாத்தியார் இல்லை. ஒருமுறை இன்டெல் தலைவர் ஆண்டி குரோவ் அவரை வரவழைத்து, ‘நாங்கள் என்ன செய்யவேண்டும்?’ என்று கேட்டார். இவரோ இரும்புக் கதையை ஆரம்பித்தார். சின்ன உருக்காலைகள் முதலில் மலிவான கட்டுமானக் கம்பியில்தான் நுழைந்தன. ‘லாபம் கம்மி, போனால் போகட்டும்’ என்று பெரிய ஆலைகள் விட்டுக்கொடுத்தன. அடுத்து ஆங்கிள், அப்புறம் கர்டர்... ஒவ்வொன்றாகப் போனது. குரோவுக்கு விடை தானாகவே புரிந்துவிட்டது. 1998-ல் விலை குறைந்த செலரான் சிப் வந்தது.

கவனித்தீர்களா? அந்த ஆலைகள் எடுத்த ஒவ்வொரு முடிவும் கணக்குப்படி சரி. மொத்தமாகப் பார்த்தால் தோல்வி.

மனசாட்சியும் அப்படித்தான் கரைகிறது. பி.காம். படித்தபோது எங்களுக்கு மார்ஜினல் காஸ்டிங் சொல்லிக்கொடுத்தார்கள். கூடுதலாக ஒன்று செய்ய எவ்வளவு செலவு, அதை மட்டும் பார். தொழிலுக்கு அருமையான கணக்கு. வாழ்க்கைக்கு? ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று ஒரு பொய் பில் வைத்தால் செலவு ஏறக்குறைய பூஜ்யம். அடுத்த தடவையும் அதே பூஜ்யம்தான்!

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது கிறிஸ்டென்சன் கூடைப்பந்து வீரர். ஞாயிற்றுக்கிழமை ஆடுவதில்லை என்பது அவருடைய மத நம்பிக்கை. இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை வந்தது. நண்பர்கள் கெஞ்சினார்கள். மறுத்துவிட்டார். நூறு சதவிகிதம் உறுதியாக இருப்பது, 98 சதவிகிதம் உறுதியாக இருப்பதைவிடச் சுலபம் என்பது அவர் கண்ட பாடம்.

‘அதெப்படி சார், விதிவிலக்கே கூடாதா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உயிருக்குப் போராடுபவரை ஏற்றிக்கொண்டு சிக்னலைத் தாண்டுகிற ஆட்டோக்காரரை யார் குறை சொல்வார்கள்? எனக்குத் தோன்றுவது இதுதான். அடுத்தவருக்காக, ஊரறிய மீறுகிற விதி வேறு. நம் சௌகரியத்துக்காக, யாருக்கும் தெரியாமல் மீறுகிற விதி வேறு. இரண்டுக்கும் நாம் ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். வம்பு அங்கேதான்.

கிறிஸ்டென்சன் 2020-ல் காலமானார். அவர் கேள்வி இருக்கிறது.

நீங்கள் கடைசியாக ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று சொன்னது எப்போது? அது எத்தனாவது தடவை?