பக்கத்தில் ஓடியவர்

1912, ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அமெரிக்கர்கள் கூட்டமாக இறங்கியிருந்தார்கள். அவர்கள் பிரிட்டனின் அர்னால்ட் ஜாக்சனை நெருக்கிவிடாதபடி, தன் வெற்றியை எண்ணாமல் துணைக்கு ஓடினார் ஓர் இளைஞர். ஜாக்சனுக்குத் தங்கம் கிடைத்தது. இளைஞருக்கு ஆறாம் இடம்.

எட்டு ஆண்டுகள் கழித்து ஆன்ட்வெர்ப்பில் அதே தூரம், அதே வேலை. இம்முறை ஆல்பர்ட் ஹில்லுக்குத் தங்கம்; அவரைக் காத்தபடி பின்னாலேயே வந்தவருக்கு வெள்ளி.

அவர் பிலிப் நோயல்-பேக்கர். பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கின் அரசுப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. ஒலிம்பிக் பதக்கம், நோபல் பரிசு இரண்டையும் பெற்றவர் அவர் ஒருவரே.

ஆனால் பரிசுகளைவிட, அவர் யார் யாருடன் ஓடினார் என்பதே கவனிக்க வேண்டியது. 1919இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் சாசனம் உருவானபோது, அதை வகுத்தவர்களில் ஒருவரான ராபர்ட் செசிலுக்கு உதவியாளர். பிறகு அகதிகளுக்காக அலைந்த நான்சனுக்குத் துணை. 1932 ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் அதன் தலைவர் ஆர்தர் ஹெண்டர்சனுக்கு வலக்கை. நான்சன் 1922இலும், ஹெண்டர்சன் 1934இலும், செசில் 1937இலும் அமைதிக்கான நோபலைப் பெற்றார்கள். இவர் முறை 1959இல்தான் வந்தது. அப்போது வயது எழுபது.

இரண்டாவது ஆளாக இருப்பது குறைபட்ட வாழ்க்கையா? திருத்தணி மலைப்படியில் பாட்டியைக் கைப்பிடித்து ஏற்றுகிற பேரன், அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்கிறான். அவன் பின்தங்கிவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. அரசியலில் மட்டும் முதலில் வந்தவர் பெயரே கல்வெட்டில் ஏறுகிறது.

இந்திய வாசகருக்கு நோயல்-பேக்கர்மீது ஒரு மனக்குறை உண்டு, அது நியாயமானதும்கூட. 1948இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் காஷ்மீர் பிரச்சினை வந்தபோது, காமன்வெல்த் உறவுகள் அமைச்சராக இருந்த அவர் பாகிஸ்தான் பக்கம் சாய்ந்தார் என்று இந்தியா கசந்துபோனது. எல்லாக் களத்திலும் அவர் சரியாக ஓடவில்லை. அதற்காக மற்ற ஓட்டங்கள் பொய்யாகிவிடாது.

திருத்தணிக்காரர்களுக்கு இப்படியொரு மனிதரைப் புரிந்துகொள்வது கடினமல்ல. இந்த ஊரைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய வடக்கு எல்லைப் போராட்டம் என்றதும் ம.பொ.சி. பெயர் வருகிறது, வர வேண்டியதுதான். ஊர் ஊராகப் போய்த் தமிழ் கற்பித்து, அந்தப் போராட்டத்துக்கு மண்ணைப் பதப்படுத்தி, அவருக்குத் தோள் கொடுத்த ஆசிரியர் மங்கலங்கிழாரின் பெயர் அந்த அளவுக்கு ஒலிப்பதில்லை. மங்கலங்கிழார் 1953இல் மறைந்தார். திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1இல். இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே கற்க வேண்டும்.

நோயல்-பேக்கருக்கும் இலக்கைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தொண்ணூறு வயதை ஒட்டி, கல்கத்தாவில் பிறந்த ஃபென்னர் பிராக்வேயுடன் சேர்ந்து உலக ஆயுத ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினார். அந்த வயதிலும் ஒருவர் பக்கத்தில்தான். 1982இல், 92 வயதில் அவர் மறைந்தபோது, உலகின் அணுகுண்டுகள் அவர் நோபல் பெற்ற ஆண்டைவிட வெகுவாகப் பெருகியிருந்தன.