துலாக்கோலும் பள்ளிக்கூடமும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் பீட்டி சாலை என்றொரு சிறு சாலை உண்டு. அதன் ஒன்றாம் எண்ணில் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமும், இரண்டாம் எண்ணில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமும் இயங்குகின்றன. முன்னது ஊதியம் பெறுவோரிடம் சிறு தொகை திரட்டிப் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் அளிப்பது. பின்னது மறைந்துபோன ஒரு பள்ளியின் பெயரைத் தாங்கி நிற்பது. கல்விக்கான செல்வத்தை எவ்வாறு பங்கிடுதல் நீதியாகும் என்னும் வினாவை எழுப்ப இவ்விரு வாயில்களும் போதும்.

மறைந்த பள்ளியின் வரலாறு சிந்தனைக்குரியது. கடையநல்லூரிலிருந்து கடல் கடந்து வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் 1946ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தனர். அவர்கள் செல்வர் அல்லர். அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் காத்த பெண்களும் அச்சமூகத்தில் இருந்தனர். அத்தகைய எளியோர் தம் பிள்ளைகளுக்கெனக் கண்ட தொடக்கப்பள்ளி, சீறாப்புராணம் தந்த புலவரின் பெயரால் வளர்ந்து, 1960இல் உயர்நிலைப் பள்ளியாயிற்று. பின்னர் 1982இல் மாணவர் குறைந்தமையால் மூடப்பட்டது. அதனோடு அந்நாட்டில் தமிழ்வழிக் கல்வியும் முடிவுற்றது.

இவ்வீழ்ச்சிக்கு அரசின் பாராமுகமே காரணம் என்று உரைப்பது எளிது. ஆயின் வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. 1956இல் அனைத்துக் கட்சிக் குழு, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்துதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதுவரை ஆங்கிலப் பள்ளிகளுக்கே முதலிடம் தந்துவந்த ஓர் ஆட்சியமைப்பில் அது பெரிய திருப்பமே. எனினும் சமத்துவம் ஏட்டில் இடம்பெற்ற பின்னரும் தமிழ்வழிப் பள்ளிகள் தேய்ந்துகொண்டே வந்தன. துறைமுகத்திலும் அலுவலகத்திலும் வேலைக்கு ஆங்கிலமே வாயிலாக இருந்தது. பெற்றோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினர். பிள்ளையின் உணவை எண்ணிய தாயைத் தமிழ்ப்பற்று அற்றவள் எனத் தூற்றுதல் அறமாகாது. மேடையில் அவ்வாறு தூற்றியோர் சிலர் தம் பிள்ளைகளை எங்கே சேர்த்தனர் என்பதையும் கேட்டிருக்கலாம்.

ஆகவே, மானியம் சமமாக இருப்பது ஒன்று. அம்மானியத்தால் பெறும் கல்விக்கு வெளியுலகில் கிட்டும் மதிப்பு சமமாக இருப்பது மற்றொன்று. முன்னதை அரசு ஓர் ஆணையால் வழங்க இயலும். பின்னதைச் சந்தையும் பதவியும் வழங்குகின்றன. இவ்வேறுபாட்டைக் காணாது தலைக்கு இவ்வளவு எனப் பணத்தை எண்ணிவிட்டு, நீதி நிறைவேறியது எனக் கூறுதல் பொருந்துமோ?

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். கோல் தன்பால் கோணாதிருப்பது அதன் சிறப்பு. ஆயின் தட்டில் வைக்கப்படும் பொருள் யாது என்பதைக் கோல் தீர்மானிப்பதில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தால் ஒரு விடை; அவர்கள் வீட்டில் நூல் உண்டா, கற்பிக்கவல்ல பெற்றோர் உண்டா, இரவில் விளக்கடியில் அமர இடம் உண்டா என்பனவற்றை வைத்தால் வேறொரு விடை. 1971இல் ஜான் ரால்ஸ் எழுதிய நீதி பற்றிய நூல், ஏற்றத்தாழ்வு ஒன்று நிலவலாமெனில் அது கடைநிலையில் உள்ளோர்க்கு நலம் பயப்பதாக இருத்தல் வேண்டும் என வாதிட்டது. இந்நோக்கில், பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதலாகச் செலவிடுதல் சலுகையன்று, கணக்கைச் சரிசெய்தலே.

அளவுகோல் பற்றியும் ஐயம் உண்டு. 1960 முதல் நடைபெற்றுவரும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், ஒரு பிள்ளையின் நிலை நெடுங்காலம் பிற பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டே கணிக்கப்பட்டது. இத்தகைய முறையில், எல்லாரும் ஒரே அளவு உயர்ந்தால் எவரும் உயர்ந்ததாகத் தோன்றார். ஆசிரியர் ஒருவர் ஆண்டு முழுதும் வியர்வை சிந்தித் தம் வகுப்பை முன்னேற்றினாலும், அடுத்த பள்ளியும் அதே அளவு முன்னேறியிருப்பின் அவர் உழைப்பு எண்ணில் வெளிப்படாது. 2021இல் இம்முறை கைவிடப்பட்டு, ஒவ்வொரு பிள்ளையின் சொந்த அடைவைக் குறிக்கும் தர நிலைகள் வந்தன. அதற்கு முன்பே, 1992 முதல் உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்தி வெளியிட்ட வழக்கமும் 2012இல் நிறுத்தப்பட்டது. வரிசையில் கடைசியாக நின்ற பள்ளியின் பிள்ளைகள் இருபது ஆண்டுகள் எத்தகைய பார்வைகளைத் தாங்கினர் என்பதை எந்தப் பட்டியலும் பதிவு செய்யவில்லை.

இனி, ஒன்றாம் எண் வாயிலுக்கு வரலாம். இந்தியப் பிள்ளைகளின் கல்வித் தளர்ச்சி கண்டு கவலையுற்றதன் விளைவாக 1991இல் சிண்டா தோன்றியது. வறுமைக்கு இனமில்லையே, இனவாரியாகப் பணம் திரட்டுதல் முறையோ என வினவுவோர் உண்டு. வினா நியாயமானது. செல்வர் மிகுந்த சமூகம் தன் பிள்ளைகளுக்கு மிகுதியாகத் திரட்ட இயலும். சிறிய சமூகத்திற்கு அஃது இயலாது. எனினும், தமிழில் பேசும் தாயிடம் தமிழிலேயே பேசி, பிள்ளை ஏன் வகுப்புக்கு வரவில்லை எனக் கேட்க அருகில் உள்ளோரால் கூடுவதுபோல் தொலைவில் உள்ள துறை அலுவலரால் கூடுவதில்லை. அணுக்கம் ஒரு தகுதியே. ஆயின் அது பொதுப் பொறுப்பினின்று அரசை விடுவிப்பதாகாது.

அந்நிதியின் கணக்கிலும் ஒரு நுட்பம் உள்ளது. 2015இல் வகுக்கப்பட்ட அளவின்படி, மாதம் 1,000 வெள்ளி ஈட்டுபவர் தருவது 1 வெள்ளி. 15,000 வெள்ளிக்கு மேல் ஈட்டுபவர் தருவது 30 வெள்ளி. ஆகவே 30,000 வெள்ளி ஈட்டுபவரும் ஆயிரத்தில் ஒன்றே தருகிறார். 2,500 வெள்ளி ஈட்டுபவர் தருவதோ 5 வெள்ளி, ஆயிரத்தில் இரண்டு. தொகை ஏறுகிறது, பங்கு ஏறவில்லை. விரும்பாதோர் விலகிக்கொள்ளலாம் என்பதால் இதனை வரி எனல் ஆகாது. எனினும் ஒப்புரவு பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர், இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதி மாணவரை விவாதிக்கச் செய்யலாம்.

இரண்டாம் எண் வாயிலில், தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் பல திசைகளிலிருந்து வந்து சேர்கின்றனர். ஒவ்வொரு பள்ளியாக எண்ணினால் அவர்கள் ஒருவர், இருவர், நால்வர் என்னும் அளவினரே. அந்த ஒருவருக்கெனத் தனியே ஓர் ஆசிரியரை அமர்த்துதல் வீண்செலவு என எந்தக் கணக்கரும் எழுதுவார். அவர்களை ஓரிடத்தில் கூட்டியபோது அது வகுப்பாயிற்று.