செபதேயுவின் படகில் கூலியாள்கள்

சில ஆண்டுகளுக்கு முன், குமரி மாவட்டக் கடலோரப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றியபோது, ஒருநாள் இரவு செபமாலை முடிந்ததும் அண்ணன் தம்பி இருவர் பங்கு இல்லத்திற்கு வந்தனர். இருவருக்கும் பொதுவாக ஒரு ஃபைபர் வள்ளம். அதில் ஓர் அவுட்போர்டு மோட்டார். வழக்கு அந்த மோட்டாரைப் பற்றியது. மூத்தவர் பதினைந்து ஆண்டுகளாக அதன் பழுதுகளையெல்லாம் தாமே பார்த்து வந்தவர். இளையவரோ, இனி அதை நகரத்து மெக்கானிக்கிடம் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்று நின்றார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி, அண்ணன் கேப்பாரு" என்றார் இளையவர்.

"மோட்டாரைப் பத்தி சாமிக்கு என்ன தெரியும்?" என்றார் மூத்தவர்.

அவர் கேட்டது நியாயமே. குருமடத்தில் எனக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். பிளக் கழற்றக் கற்பிக்கவில்லை.

நடந்தது இதுதான். முந்தைய வாரம் கரையிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கடல் மைல் தொலைவில் மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. வள்ளத்தில் இவ்விருவருடன் இளையவரின் மகனும் இருந்தான், பதினேழு வயது. கைப்பேசியில் தொடர்பு கிட்டவில்லை. காற்று வலுத்துக்கொண்டிருந்தது. நான்கு மணி நேரம் அலைக்கழிந்தபின், அவ்வழி வந்த வேறொரு வள்ளத்தார் கயிறு கட்டி இழுத்து வந்தனர். உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அந்த நான்கு மணி நேரத்தை அந்தப் பையனின் தாய் எவ்வாறு கழித்தார் என்பதைக் கடற்கரை மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் அவர்களது கொட்டகைக்குச் சென்றேன். மூத்தவரின் கைத்திறனைக் கண்டு வியந்தேன் என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து திரும்பியதும் மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து, நன்னீர் நிறைந்த டிரம்மில் அதன் அடிப்பாகத்தை இறக்கிச் சற்று நேரம் ஓடவிடுவார். உள்ளே தங்கிய உப்பைக் கழுவுவதற்காக. பிளக்கில் படிந்த கரியைச் சுரண்டுவார். கியர் ஆயிலைச் சிறிது வடித்து விரலில் தேய்த்துப் பார்ப்பார். பால் நிறமாக மாறியிருந்தால் சீல் தேய்ந்து நீர் புகுந்துவிட்டது என்பது பொருள். இவற்றையெல்லாம் அவர் செய்ததைக் கண்டபோது, திருப்பலிப் பாத்திரங்களைத் துடைத்து வைக்கும் முதிய உபதேசியாரின் நினைவு எனக்கு வந்தது.

தாமே பழுது பார்ப்பதற்கு அவர் இரண்டு காரணங்கள் கூறினார். ஒருமுறை ஒரு மெக்கானிக் கியர் ஆயில் மாற்றிவிட்டு, வடிதிருகின் வாஷரைப் போடாமலே திருகி அனுப்பிவிட்டாராம். நீர் புகுந்து பற்சக்கரங்கள் துருவேறின. இது முதற் காரணம். மற்றது இதைவிட வலுவானது. "நடுக்கடல்ல மெக்கானிக் வரமாட்டான் சாமி. அங்க நம்ம கைதான்." இதற்கு யார் மறுமொழி கூற இயலும்?

கட்டுமரக் காலத்தில் இவ்வழக்கு எழுந்திருக்காது. இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்து, கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்தி, மறுநாள் மீண்டும் கட்டிப் புறப்பட்டார்கள். தன் கலத்தில் தான் அறியாத மூலை என்று மீனவனுக்கு எதுவும் இல்லை. பின்னர் ஒட்டுப்பலகைப் படகுகளும் ஃபைபர் வள்ளங்களும் மோட்டார்களும் வந்தன. 1980களில் முட்டத்தில் கட்டப்பட்ட ஒட்டுப்பலகைப் படகுகளை முதியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். உடல் வருத்தம் குறைந்தது, தொலைவு கூடியது. ஆனால் தன் உயிரைத் தாங்கும் ஒரு பொருளின் உட்புறம் தனக்கே தெரியாது என்ற நிலையும் அன்றுதான் கடற்கரைக்குள் நுழைந்தது. மூத்தவர் பதினைந்து ஆண்டுகளாக அந்த நிலையை எதிர்த்தே போராடி வந்தார் என்று எனக்குத் தோன்றியது. அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் மோட்டார் ஏன் நின்றது? கடல்நீரை உறிஞ்சி மேலேற்றி மோட்டாரைக் குளிர்விக்கும் சிறிய ரப்பர்ச் சக்கரம் ஒன்று அதன் அடிப்பாகத்தில் உண்டு, இம்பெல்லர் என்பர். அதன் இதழ்கள் நாளடைவில் ஒரு பக்கமாக வளைந்து விறைத்துவிடும். பார்வைக்கு முழுமையாகத் தோன்றினாலும் நீரைத் தள்ளும் வலிமை போயிருக்கும். ஆகவே கெட்டபின் அன்று, காலக்கெடு வைத்தே அதை மாற்ற வேண்டும். மூத்தவர் அதைத் திறந்து பார்த்தார்; கிழிசல் இல்லை; மீண்டும் உள்ளே வைத்து மூடிவிட்டார். இளையவர் அப்போதே "ஒரு மெக்கானிக்கிட்ட காட்டலாமே" என்றிருக்கிறார். மூத்தவர் அதைக் காதில் வாங்கவில்லை.

புனித தோமா அக்குவினா கைவினைத் திறனையும் முன்மதியையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டுகிறார். செய்யப்படும் பொருள் நன்றாக அமைவது கைத்திறனைச் சார்ந்தது. செய்பவனின் செயல் நன்றாக அமைவது முன்மதியைச் சார்ந்தது. ஒன்று இருக்குமிடத்தில் மற்றது இருந்தே தீரும் என்பதில்லை. மேலும், பிறரிடம் கற்றுக்கொள்ளும் மனத்தை அவர் முன்மதியின் ஒரு கூறாகவே கணிக்கிறார். இவ்விசயத்தில் தனக்குத் தானே போதும் என்று சொல்லத்தக்கவர் எவரும் இல்லை என்பது அவர் கருத்து. மூத்தவரிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. அத்திறன் எந்த இடத்தில் முடிகிறது என்பதை ஒருவர் சொல்லக் கேட்கத்தான் அவருக்கு விருப்பமில்லை.

இதை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. நானும் ஒரு பங்கில் ஆண்டுக்கணக்காகப் பங்குக் கணக்கை எவரிடமும் கொடாமல் நானே எழுதி வந்தேன். பொறுப்புணர்வு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு கூட்டல் பிழை வெளிப்பட்டபோது எனக்கு எழுந்த சினத்தைக் கண்டுதான், என் தவற்றை வேறொருவர் காணக்கூடாது என்பதற்காகவே அப்புத்தகத்தைப் பூட்டி வைத்திருந்தேன் என்பது விளங்கிற்று.

ஆனால் வழக்கு இத்துடன் முடியவில்லை. இளையவரிடம் ஒன்று கேட்டேன்: "அன்றைக்கு மோட்டார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது?" சற்று நேரம் அமைதி. பிறகு, "நான்தான் சாமி" என்றார்.

மோட்டார் ஓடும்போது அதன் பின்புறம் ஒரு சிறு நீர்த்தாரை பீச்சிக்கொண்டே இருக்கும். உள்ளே குளிர்நீர் சுற்றுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இம்பெல்லர் வலுவிழந்தால் அத்தாரை முதலில் மெலியும். பிறகுதான் மோட்டார் சூடேறும். தாரை மெலிந்தது இளையவரின் கண்ணெதிரே நடந்திருக்கிறது. மோட்டார் அண்ணன் பாடு என்று விட்டவர், அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாளை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பணமும் செலுத்திவிட்டால் இன்னும் நிம்மதியாகத் திரும்பிப் பாராமல் இருப்பார் அன்றோ! வேலையைப் பிறர் கையில் கொடுக்கலாம்; அது தவறன்று. வேலையோடு கண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதுதான் அச்சத்திற்குரியது. கூலி கொடுத்தவன் தன் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறான். மூன்று உயிர்களைப் பற்றிய கடமையோ கூலியால் கைமாறுவதில்லை.

திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்க வேண்டும் என்கிறார். மூன்று வசனங்கள் தாண்டி, அவரவர் தம் சுமையைத் தாமே சுமக்க வேண்டும் என்கிறார். முரண் போலத் தோன்றும். கிரேக்க மூலத்தில் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முதலாவது, ஒருவனை நசுக்கும் பாரம். இரண்டாவது, அவனவனுக்கென அமைந்த சுமை; திருத்தூதர் பணிகள் நூலில் கப்பலின் சரக்கைக் குறிக்கவும் இச்சொல் வருகிறது. தேய்ந்த சீலை மாற்றுவதும், இறுக்க அளவு தவறாமல் எஞ்சின் தலைப்பகுதியைப் பூட்டுவதும் உரிய கருவி இல்லாதவனுக்குப் பாரம்; அதைத் தாங்க மெக்கானிக் வேண்டும். நன்னீரில் கழுவுவதும், ஆயிலைப் பார்ப்பதும், அந்த நீர்த்தாரையின் மீது கண் வைப்பதும் வள்ளத்தில் ஏறும் ஒவ்வொருவனுக்கும் உரிய சரக்கு. அதை இறக்கி வைக்க இடமில்லை.

மாற்கு நற்செய்தியில் ஒரு சிறு குறிப்பு உண்டு. யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் அழைத்தபோது, அவர்கள் படகில் வலைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தனர். தந்தை செபதேயுவை அவர்கள் விட்டுச் சென்றது கூலியாள்களோடு. ஆக, அப்படகில் கூலிக்கு ஆள் இருந்தது. இருந்தும் வலையைச் சீர்செய்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பல ஆண்டுகள் இவ்வசனத்தை வாசித்தும் இது என் கண்ணில் படவில்லை. வலையைச் சீர்செய்வதற்கு அங்கு வழங்கப்படும் கிரேக்கச் சொல்லையே, தவறியவனைத் திருத்தி நிலைநிறுத்துவதற்கும் பவுல் அதே ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பயன்படுத்துகிறார்.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். பொழுது சாயுமுன் கூலியாளுக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும் என்பது இணைச் சட்ட நூலின் கட்டளை. நம் ஊர்களிலோ திருநாள் வாணவேடிக்கைக்கு எண்ணாமல் கொடுக்கும் கை, மெக்கானிக்கிடம் நூறு ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசும். "அடுத்த பாட்டுக்குத் தாரேன்" என்று தவணையும் சொல்லும். இப்படி நான்கு பேரிடம் நிலுவை வைத்திருப்பவன், ஐந்தாமவன் மோட்டாரில் வாஷரைத் தேடிப் போட எவ்வளவு நேரம் செலவிடுவான்? அவன் செய்தது சரியென்று நான் கூறவில்லை.

நான் தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை. இவற்றில் சிலவற்றை மட்டும் இருவரிடமும் பேசினேன். ஒருவாரம் கழித்து மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்து சென்றபோது, அவர்களது கொட்டகையில் ஓர் இளம் மெக்கானிக் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். மூத்தவர் அருகில் குந்தி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். இளையவரின் மகன் கழற்றிய திருகுகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். புதிய இம்பெல்லரை மெக்கானிக் மூத்தவரிடமே நீட்டி, "நீங்களே போடுங்க பெரியப்பா, எந்தப் பக்கம் வளையணும்னு மட்டும் சொல்றேன்" என்றான். அவர் போட்டார்.

வேலை முடிந்து மெக்கானிக் தொகையைச் சொன்னதும், அது கூடுதல் என்று மூத்தவர் உரத்த குரலில் வாதிட்டார். இளையவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். சூரியன் அப்போது கடலுக்குச் சற்று மேலே நின்றது.