ஓடுகிற மட்டும் ஓடட்டும் என்பது சரியா?

ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வளாகத்தில் நிற்கும் வண்டிகளைச் சற்றே நோக்குங்கள். சென்ற மாதம் வாங்கிய கார் ஒன்று நிற்கும். அதன் அருகிலேயே இருபது வருஷம் உழைத்த கார் ஒன்றும் நிற்கும். பழைய வண்டிக்காரரைப் பார்த்து நண்பர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றே: "இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?" அவர் சிரித்துக்கொண்டே சொல்லும் பதிலும் ஒன்றே: "ஓடுகிற மட்டும் ஓடட்டுமே!"

அன்பார்ந்த வாசகரே, இது வீட்டு வரவு செலவோடு முடிந்துவிடும் காரியம் என்றே நாம் எண்ணுகிறோம். ஒரு காரை எத்தனை காலம் வைத்துக்கொள்ளலாம் என்பதில் மனச்சாட்சிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை உண்டு. அது எங்கே நுழைகிறது என்பதைக் காட்ட, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

அவர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். 2004-ஆம் வருஷத்தில், சேம நிதியில் கடன் எடுத்து, ஒரு மாருதி 800 வாங்கினார். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்தது முதல் 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரையில், நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் சொந்தக் கார் அதுதான். மூன்று சிலிண்டர், 796 சி.சி. கொண்ட சின்ன என்ஜின். ஆயினும் அந்தச் சின்ன வண்டியில்தான் அவர் மகள் கலியாணப் பெண்ணாகக் கோவிலுக்கு வந்தாள். நள்ளிரவில் மூச்சுத் திணறிய மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்ததும் அதுவே.

2019-இல் வண்டிக்கு 15 வயது நிறைந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. மகன் சொன்னான்: "அப்பா, இதைத் தள்ளிவிடுங்கள். மாதத் தவணையில் புதிது எடுத்துக்கொள்ளலாம்." தகப்பனார் சொன்னார்: "என்ஜின் கல்லு மாதிரி இருக்கிறதப்பா. நன்றாக ஓடுகிறதை ஏன் விற்க வேண்டும்? மே மாத விடுமுறையில் பேத்தியை இதிலேயே வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போகப் போகிறேன்."

இருவரில் யார் சொன்னது சரி?

முதலில் தகப்பனார் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். புதுக் காரின் விலை எப்படிக் கரைகிறது என்பதை இன்ஷூரன்ஸ் கணக்கே காட்டும். வண்டியின் மதிப்பை நிர்ணயிக்க நம் நாட்டில் வழங்கும் அட்டவணைப்படி, முதல் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 5 கழிக்கப்படும். ஒரு வருஷம் நிறைவதற்குள் 15. இரண்டாம் வருஷத்தில் 20. மூன்றாம் வருஷத்தில் 30. நான்காம் வருஷத்தில் 40. ஐந்தாம் வருஷத்தில் 50. அதாவது ஐந்து வருஷத்திற்குள் மதிப்பில் பாதி போய்விடுகிறது. பழைய காரோ இழக்க வேண்டியதையெல்லாம் முன்னமே இழந்துவிட்டது. இனி அது கேட்பது பழுது பார்க்கும் செலவு மாத்திரமே.

"வண்டியின் விலையே நாற்பதாயிரம், அதற்கு இருபத்தையாயிரம் செலவு செய்வது மடமை" என்று பலர் சொல்லுவார்கள். இந்தக் கணக்கில் ஒரு தவறு இருக்கிறது. செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடலாகாது. அந்தச் செலவினால் கிடைக்கும் காலத்தோடு ஒப்பிட வேண்டும். இருபத்தையாயிரம் ரூபாய் செலவு செய்து, வண்டி இன்னும் இரண்டு வருஷம் ஒழுங்காக உழைக்குமானால், மாதத்திற்கு ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகிறது. புதுக் காரின் தவணை இதற்குள் அடங்குமா?

மேலும், புதிது வாங்கத் தூண்டுகிறது எது என்பதையும் உள்ளபடி விசாரிக்க வேண்டும். அநேக வேளைகளில் அது தேவையல்ல. எதிர் வீட்டுக்காரரின் பார்வைதான். உறவினர் கலியாணத்தில் மண்டப வாசலில் இறங்கும்போது நம்மைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். இந்தக் கூச்சத்திற்காக ஏழு வருஷம் கடன்காரராய் வாழ்கிறவர்கள் நம்மிடையே இல்லையா? உழைக்கும் பொருளை உழைக்க விடுவதும், உள்ளது போதும் என்றிருப்பதும் நல்ல குணங்களே. இந்த மட்டும் உபாத்தியாயர் சொன்னது சரி.

ஆனால் அவர் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த வருஷத்தில் இரண்டு தடவை, சிக்னலில் நிற்கும்போது, பிரேக் பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்லக் கீழே இறங்கிற்று. இரண்டு மூன்று தரம் மிதித்ததும் திரும்பப் பிடித்துக்கொண்டது. "ஏதோ காற்றுப் புகுந்திருக்கும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஒர்க்ஷாப்புக்குப் போனால் பெரிய செலவு வைத்துவிடுவார்களோ, மகன் "நான் அப்போதே சொன்னேனே" என்பானோ என்றெண்ணிப் பேசாமல் இருந்துவிட்டார். நாள் செல்லச் செல்ல அந்தச் சந்தேகமும் அடங்கிப்போயிற்று.

இங்கேதான், வாசகரே, கணக்குப் புத்தகம் மூடப்பட்டு மனச்சாட்சியின் காரியம் தொடங்குகிறது.

வில்லியம் கிளிபோர்டு என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவர் காட்டிய உதாரணம் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. கப்பல் முதலாளி ஒருவன். அவனுடைய கப்பல் பழையது. பல தடவை பழுது பார்த்தது. குடியேறப் போகும் ஏழைக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது புறப்பட இருக்கிறது. 'இது கடலைத் தாங்குமா?' என்ற சந்தேகம் அவன் மனதில் எழுகிறது. முழுதும் சோதித்துப் பார்த்தால் செலவாகுமே! ஆகையால், 'இத்தனை புயலைத் தாண்டிய கப்பல் இதையும் தாண்டும். தெய்வம் காப்பாற்றும்' என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்ளுகிறான். மெய்யாகவே நம்பியும் விடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவனோ இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்ளுகிறான்.

அவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் கிளிபோர்டு அதோடு நிற்கவில்லை. கப்பல் மூழ்காமல் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே என்கிறார். ஏனெனில் குற்றம் கப்பல் மூழ்கியதில் இல்லை. நம்புவதற்கு உரிமை இல்லாததை நம்பியதில் இருக்கிறது. அவன் நம்பிக்கை விசாரித்துப் பெற்ற நம்பிக்கையன்று; சந்தேகத்தை அமுக்கிப் பெற்ற நம்பிக்கை.

"சர்வேசுரன் காப்பார்" என்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் பழுதான பிரேக்கோடு புறப்படுகிறவர், கடவுளை நம்புகிறவர் அல்லர், அவரைச் சோதிக்கிறவர். பதினைந்து நிமிஷத்தில் மெக்கானிக் பார்த்துச் சொல்லக்கூடியதைப் பரலோகத்தின் மேல் சுமத்துவது பக்தியாகாது.

பழைய காரில் மறைவாக மூப்படைகிறவை எவை? ஓடிய தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. "நாங்கள் அதிகம் ஓட்டுவதே இல்லை" என்பார்கள். ஆனால் ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2314 என்றிருந்தால், 2014-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். மேலே பட்டை தேயாமல் புதிதுபோலத் தோன்றினாலும் உள்ளே இறுகி வெடிப்புக் கண்டிருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் மலைப்பாதை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், பெடலை மிதித்தும் பிடிப்பு இராது. மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்தால், உபாத்தியாயருக்கு நடந்தது போலப் பெடல் தானே இறங்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அடித்தகட்டைத் துருவாய் அரிக்கும். என்ஜின் கல்லு மாதிரி இருந்தால் மட்டும் போதுமா?

இவ்விடத்தில் ஒருவர் கேட்கலாம்: "அப்படியானால் பழைய கார் வைத்திருப்பதே பாவமா? நம் நாட்டில் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக்கும், அதே வருஷம் ஜூலை முதல் ஓட்டுகிறவருக்கு ஏர்பேக்கும் கட்டாயமாயிற்று. என் வண்டியில் இவை ஒன்றும் கிடையாதே!" அஞ்ச வேண்டாம். எளிமை வேறு, பழுது வேறு. புதுக் காரில் உள்ள வசதி உங்கள் காரில் இல்லாதது எளிமை. அதை நிதானமான வேகத்தாலும், சீட் பெல்ட்டாலும், இரவில் நெடுந்தூரம் போகாமையாலும் ஓரளவு ஈடு செய்யலாம். உங்கள் கார் தன்னுடைய சொந்த நிலையிலிருந்தே கெட்டுப்போயிருப்பது பழுது. எளிமையோடு பல வருஷம் வாழலாம். தெரிந்த பழுதோடு ஒரு நாளும் சாலையில் இறங்கலாகாது. ஏனெனில் மிச்சமாகும் பணம் உங்களுடையது. ஆபத்தோ குறுக்கே வரும் சைக்கிள்காரருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சேர்த்து. அவர்கள் உங்கள் மிச்சத்தில் பங்கு கேட்கவில்லையே! ஐந்தாம் கற்பனை கத்தி எடுக்கிற கையை மட்டும் தடுக்கிறது என்று நினைக்க வேண்டாம். அஜாக்கிரதையான காலையும் தடுக்கிறது.

அரசாங்கத்தின் விதி என்ன சொல்லுகிறது? சொந்தக் காரின் பதிவு 15 வருஷம் செல்லும். பின்னர் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்குரிய கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாய்க்கு உயர்ந்தது. கட்டணம் மாறக்கூடியதாதலால், புதுப்பிக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஐந்து வருஷத்திற்கு ஒரு முறை அதிகாரி பார்ப்பது மாதந்தோறும் ஓட்டுகிறவரின் கடமையைத் தீர்த்துவிடாது. பெடல் இறங்கியது அதிகாரிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஆகவே எத்தனை வருஷம் என்று எண்ணிக்கையால் அளப்பதைவிட, ஒரு சின்னச் சோதனையை உங்கள் முன் வைக்கிறேன். வருஷத்திற்கு ஒரு முறை, உங்களிடம் வண்டி விற்க நினைக்காத ஒரு நல்ல மெக்கானிக்கிடம் பிரேக், ஸ்டீயரிங், டயர், அடித்தகடு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொன்னதை எழுதி வாங்குங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: இந்தக் காகிதத்தை, வண்டியில் ஏறப்போகிறவர்கள் எல்லாருக்கும் முன்பாக உரக்க வாசிக்க என்னால் முடியுமா? முடியுமானால், இருபது வருஷமானாலும் வைத்திருங்கள். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் ஒளிக்கத் தோன்றினால், பழுது பார்க்கவோ விட்டுவிடவோ நாள் வந்துவிட்டது.

உபாத்தியாயர் என்ன செய்தார்? விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பு, இராத்திரி சாப்பாட்டின்போது பேத்தி கேட்டாள்: "தாத்தா, நான் முன் சீட்டில் உட்காரட்டுமா?" அவரால் சோற்றை விழுங்க முடியவில்லை. பெடல் இறங்கிய விஷயத்தை அப்போதே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். மருமகள் ஒன்றும் பேசவில்லை. குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். மகனும் "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. "நாளைக்கு நானும் ஒர்க்ஷாப்புக்கு வருகிறேன், அப்பா" என்றான்.

மாஸ்டர் சிலிண்டரையும் நான்கு டயரையும் மாற்றினார்கள். புதுக் காரின் இரண்டு மாதத் தவணை அளவுகூட ஆகவில்லை. ஆனாலும் வேளாங்கண்ணிக்கு ரயிலில்தான் போனார்கள். வண்டி உள்ளூரில் கடைக்கும் கோவிலுக்குமாக இன்னும் மூன்று வருஷம் உழைத்தது. 2022-இல் அடித்தகடு துருவேறி, இனி ஒட்ட வைக்க இடமில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

அப்போது அடுத்த சோதனை வந்தது. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் ஓர் இளைஞன், முப்பதாயிரம் கொடுத்து வாங்கிக்கொள்ள வந்தான். மேலே பெயிண்ட் பளபளவென்றிருந்தது. பேசாமல் இருந்தால் போதும், பணம் கைக்கு வந்துவிடும். அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதை விசாரித்திருக்கிறார். விற்கும் பொருளில் மறைந்திருக்கும் குறை வாங்குகிறவருக்கு நஷ்டமோ ஆபத்தோ விளைவிக்குமானால், அதை வெளிப்படுத்த விற்கிறவர் கடமைப்பட்டிருக்கிறார் என்பது அவர் முடிவு. நொண்டிக் குதிரையை வேகமுள்ள குதிரையென்றும், இடியும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பதை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். கண்ணுக்குத் தெரியும் குறையைச் சொல்ல வேண்டுமென்பதில்லை; விலையைக் குறைத்துக்கொண்டால் போதும். துருவேறிய அடித்தகடோ பாய்க்குக் கீழே மறைந்திருப்பது. நாம் ஏற அஞ்சும் வண்டியை, நம்மைவிட ஏழையான ஒருவன் தலையில் கட்டுவது ஏழாம் கற்பனைக்கு விரோதம்.

உபாத்தியாயர் பாயைத் தூக்கிக் காட்டினார். இளைஞன் பார்த்துவிட்டு, "சொன்னதற்கு ரொம்ப நன்றி, சார்" என்று கும்பிட்டுப் போய்விட்டான். வண்டியை உடைக்கக் கொடுத்துப் பதிவையும் ரத்துச் செய்தார்கள். இரும்பு விலைதான் கிடைத்தது.

அன்பார்ந்த வாசகரே, இன்று பூசை முடிந்து உங்கள் காரில் ஏறும்போது, அதன் வயதை எண்ணி வெட்கப்பட வேண்டாம். அதைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டா என்று மாத்திரம் யோசியுங்கள். இருக்குமானால், வீடு போய்ச் சேர்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.